க்னெத்லிக்கின் விரதம்

“உங்களை நான் என்னன்னு கூப்பிடறது?”

இரண்டு வருடத்துக்கு முன்னால் செக் நாட்டு மோஸ்த் நகரத்து அடுக்குமாடி வீட்டு வாசலில், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக நின்றுகொண்டு தோரா இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. இவெத்தாவுக்கு முப்பத்தொன்பது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் தினமும் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவள் இவெத்தா. எந்தப் பிள்ளையிடமும் பேச்சுக்குத் தடுமாறியதில்லை. அன்றைக்கு மட்டும் தடுமாறிப் போனாள். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாதவள், கணவன் லூமிருடைய மூத்த தாரத்துப் பிள்ளையிடம் எதையும் உரிமையாகக் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்தாள்.

“உனக்கு எப்படித் தோணுதோ அப்படிக் கூப்பிடு கண்ணு” என்றாள்.

தோராவுக்கு எப்படியும் தோன்றவில்லை. “இங்க பாருங்க”, “இதை எடுத்துக்கலாமா”, “அப்பா எங்க” என்பதோடு சரி. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவாள். ஜன்னலோர நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்து போனைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அம்மா ரெனாதா கீழே வந்து காரில் ஹாரன் அடிப்பாள். போய்விடுவாள்.

இந்த வருடம் செப்டம்பரில் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

“இனிமே நான் இங்க வரலப்பா. அம்மா வீட்டுல என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இருக்காங்க. இங்க என்ன இருக்கு?”

டிராம் பணிமனையில் சக்கரம் பார்க்கிறவன் லூமிர். வாயைத் திறந்தால் கேலிதான் வரும். அன்றைக்கு அவள் பையை மட்டும் தூக்கிக்கொண்டு கீழே கார் வரை போனான். ஒரு வாரம் கழித்து ரெனாதா நீதிமன்றத்தில் போட்ட மனுவின் நகல் தபாலில் வந்தது. ஜனவரியில் நீதிபதி பிள்ளையைக் கூப்பிட்டு விருப்பத்தைக் கேட்பார். அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது.

இங்கே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு லூமிர் கண்டுபிடித்த பதில் ஒரு பாம்பு. தோராவுக்கு ஆறு வயதிலிருந்தே பாம்பு ஆசை. ரெனாதாவோ படத்தில் பாம்பைப் பார்த்தாலும் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொள்கிறவள். அந்த வீட்டில் ஒருநாளும் நடக்காத காரியம் இந்த வீட்டில் நடக்கட்டுமே என்று நினைத்தான்.

அக்டோபரில் விளையாட்டரங்கில் நடந்த சந்தைக்கு மூன்று பேரும் போனார்கள். பல்லி, ஆமை, சிலந்தி என்று மேசை மேசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஹனாக் என்ற நரைத்த தாடிக்காரரின் மேசையில் ஒரு சிறு மலைப்பாம்பு, காபி நிறத்தில் மஞ்சள் திட்டுகளோடு, தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டு கிடந்தது.

“பூச்சாண்டி காட்டுற பாம்பு இல்ல இது. பயந்தா சுருண்டுக்கும், அவ்வளவுதான். அடிச்சாக்கூடக் கடிக்காது” என்றார் ஹனாக்.

“அப்பா, இது க்னெத்லிக் மாதிரியே இருக்கு!” என்றாள் தோரா. ஆவியில் வேகவைத்து ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு சாப்பிடுகிற மாவு உருண்டைதான் க்னெத்லிக். பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது.

“ஒரு வாரம் எட்டிக்கூடப் பாக்காதீங்க. வீடு மாறினா கோவிச்சுக்கிட்டு சாப்பிடாது. அப்புறம் தானா சாப்பிடும். செத்த எலி உறைஞ்சது கடையில கிடைக்கும், அதைச் சூடு பண்ணிக் குடுங்க” என்றார் ஹனாக்.

“எப்போ எங்களைத் தெரிஞ்சுக்கும்?” என்று தோரா கேட்டாள்.

“தெரிஞ்சுக்காதும்மா. உங்களைப் பாத்துப் பயப்படாம இருந்தா சரி. அதோட பாசம் அவ்வளவுதான்.”

இவெத்தாவுக்கு அந்த வார்த்தை மனதில் தங்கிவிட்டது. இவ்வளவு கிடைத்தாலே போதும் என்று தோன்றியது. பாம்பை நினைத்தா பிள்ளையை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை.

க்னெத்லிக்கின் கண்ணாடிப் பெட்டியைச் சாப்பாட்டு மேசை கிடந்த அறைக்கு அடுத்த சின்ன அறையில், தோரா வந்தால் படுக்கிற கட்டிலுக்கு எதிரே வைத்தார்கள். ஒரு வாரம் போனது. இவெத்தா கடையில் எலி வாங்கிவந்து, பாலிதீன் பையில் போட்டு, வெந்நீரில் மிதக்கவிட்டு, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக் கொடுத்தாள். பாம்பு நாக்கை இரண்டு முறை நீட்டியது. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் அடித்தது. லூமிருடைய போன் இல்லை, அவளுடையது. அப்பா வேலையில் இருப்பார் என்று தோரா இவள் எண்ணுக்கு அடித்திருந்தாள்.

“சாப்பிட்டுச்சா?”

“இல்லடா. மோந்து பாத்துச்சு. மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.”

“நீங்க எலியை ஆட்டினீங்களா? ஆட்டணும். உயிரோட இருக்கற மாதிரி.”

“ஆட்டினேன். என் கையே வலிக்குது.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இரண்டு வருடத்தில் இவெத்தா தன் பேச்சுக்கு வாங்கிய முதல் சிரிப்பு அது.

அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அழைப்பு. சனிக்கிழமைகளில் தோரா மறுபேச்சில்லாமல் வந்தாள். வந்ததும் ஷூவைக் கழற்றாமலே ஓடுவாள். பெட்டிமேல் போர்வை போட்டுப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ள மண்சட்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்கள். ஹேர் டிரையரால் எலியைச் சூடாக்கினார்கள். இவெத்தா தன் தொழில் புத்தியைக் காட்டி, எலியைக் கோழிச் சாற்றில் முக்கிக்கூட எடுத்தாள்.

“மிளகுத்தூள் போட்டியா?” என்றான் லூமிர். “இவ கையால சாப்பிட்டு எங்க ஊர்ப் பிள்ளைங்க முந்நூறு பேரும் பீப்பா மாதிரி ஆயாச்சு. இந்த ஒரு கயிறு மட்டும் மசியமாட்டேங்குது.”

வாரத்துக்கு ஒருமுறை சமையல் தராசில் பாம்பை நிறுத்தார்கள். முதலில் அறுநூற்று நாற்பது கிராம். டிசம்பர் பிறக்கும்போது அறுநூற்றுப் பத்து. ஹனாக்குக்குப் போன் போட்டால் அவர் கொட்டாவி விட்டார்.

“முப்பது கிராமுக்கா இவ்வளவு அழுகை? அம்மணி, குளிர்காலத்துல இதுங்க சாப்பிடாது. ஆறு மாசம்கூட இருக்கும். போர்த்தி வெச்சுட்டு உங்க வேலையைப் பாருங்க. பசிச்சா அதுவே தேடும்.”

சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஜனவரி வந்துகொண்டிருந்தது. தோராவின் குரலில் அழுகை ஏறிக்கொண்டிருந்தது: “அது சாகப் போகுது. நம்ம வீடு அதுக்குப் பிடிக்கல.” நம்ம வீடு என்று அவள் சொன்னதைக் கேட்டு இவெத்தா அன்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குள் இன்னொரு நினைப்பும் இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடியதில்லை. பாம்பு சாப்பிட்டுவிட்டால் ஆறு மணி அழைப்பு நின்றுவிடுமோ? அப்படி நினைத்ததற்குப் பரிகாரம் போலத்தான் அவள் ஹனாக்கை விடாமல் நச்சரித்தாள்.

“சரி, உயிர் எலி ஒண்ணு குடுத்துப் பாருங்க” என்றார் அவர் கடைசியில், மனசே இல்லாமல். “சின்னதா. ஆனா ஒண்ணு, பக்கத்துலயே நிக்கணும், கையில இடுக்கியோட. பதினஞ்சு நிமிஷம். தொடலைன்னா எலியை எடுத்துடணும். புரியுதா? பதினஞ்சு நிமிஷம்.”

“புரியுதுங்க.”

அந்த வருடம் கிறிஸ்துமஸ் தோராவுக்கு அப்பா வீட்டு முறை. இருபத்து மூன்றாம் தேதி வந்து, இருபத்தைந்தாம் தேதி காலையில் போவாள். எலியும் இருபத்து மூன்றாம் தேதியே வந்துவிட்டது. வாளியில் போட்டு, வாளியைக் குளியல் தொட்டிக்குள் வைத்தார்கள்.

“நான் சின்னப் பையனா இருக்கும்போது இந்த நாள்ல விருந்துக்கு வாங்கின கெண்டை தொட்டியில நீந்தும்” என்றான் லூமிர். “இப்போ எலி ஓடுது. நாடு முன்னேறிடுச்சு.”

“அப்பா, அதுக்குப் பேர் மட்டும் வைக்காதே. நான் சின்னவளா இருக்கும்போது நம்ம கெண்டைக்குப் பேர் வெச்சோமே, ஞாபகம் இருக்கா? அப்புறம் கொல்ல முடியாம ஆத்துல கொண்டுபோய் விட்டோம். விருந்துக்கு முட்டை சாப்பிட்டோம்.”

மறுநாள் விடிந்ததிலிருந்து தோரா ஒன்றும் சாப்பிடவில்லை. அன்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால் சாயங்காலம் சுவரில் தங்கப் பன்றிக்குட்டி தெரியும் என்று அந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். எல்லாப் பிள்ளைகளும் பத்து மணிக்குள் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். தோரா பிடிவாதக்காரி.

“க்னெத்லிக் பத்து வாரமா விரதம். அதுக்குக் குட்டி என்ன, பன்னிப் பண்ணையே தெரியும்” என்றான் லூமிர்.

தோரா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு யோசித்துவிட்டு, “அப்போ எலியும் விரதம் இருக்கணும். இன்னைக்கு எல்லாரும் இருக்கோம், அது மட்டும் தின்னா நியாயமா?” என்றாள், இவெத்தாவைப் பார்த்து.

எல்லாரும் என்று அவள் கண்ணால் காட்டிய வட்டத்துக்குள் தானும் இருப்பதை இவெத்தா கண்டாள். சிரித்துக்கொண்டே போய் வாளியிலிருந்த கேரட் துண்டையும் கோதுமையையும் பொறுக்கி எடுத்துவிட்டாள். எலி விரலை மோந்து பார்த்தது.

நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. மீன் சூப், பொரித்த கெண்டை, உருளைக்கிழங்குச் சாலட், ரொட்டி, தண்ணீர்க் குவளை, உப்பு என்று எல்லாவற்றையும் இவெத்தா மேசையிலும் பக்கத்து முக்காலியிலும் கைக்கெட்டும்படி அடுக்கினாள். அந்த விருந்தில் உட்கார்ந்தபின் எழுந்திருக்கக் கூடாது. முதலில் எழுந்தவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு மேசையில் இருக்கமாட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இவெத்தா உப்புக் கேட்டாள். அவள் அம்மா, “இதோ கொண்டாரேன்டி” என்று எழுந்து போனாள். அடுத்த மார்ச்சில் அம்மா போய்ச் சேர்ந்தாள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் இவெத்தா சொல்வாள். ஆனாலும் உப்பு ஜாடியைத் தன் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள்.

எலியை முன்னாலேயே விட்டு, கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு உட்காரலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தோரா ஒப்பவில்லை.

“நாம உக்காரும்போதுதான் அதுவும் சாப்பிடணும். தனியா சாப்பிட்டா அது என்ன கிறிஸ்துமஸ்?” என்றவள் ஜன்னலுக்கு ஓடினாள். “நட்சத்திரம்! வந்துடுச்சு, நட்சத்திரம் வந்துடுச்சு! சீக்கிரம்!”

முதல் நட்சத்திரத்துக்குப் பிறகு காத்திருக்கக் கூடாது. லூமிர் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டான். இவெத்தா அவசரமாக எலியை வாலைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கினாள். சூப் குடித்து முடிக்கப் பதினைந்து நிமிடம், கதவு திறந்திருக்கிறது, பத்தடி தூரம். இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும், எழுந்து போய் எலியை எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டும் மனதின் இரண்டு அறைகளில் கிடந்தன. சூப் தட்டு காலியான பிறகுதான் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

உள்ளே ஏதோ தடுமாறி விழுகிற சத்தம்.

“புடிச்சிடுச்சு!” தோரா கரண்டியைக் கீழே போட்டாள். “கேட்டீங்களா? க்னெத்லிக் புடிச்சிடுச்சு!”

“விரதம் முடிஞ்சுது” என்றான் லூமிர். “நம்மளும் கெண்டையைப் புடிப்போம். தட்டை நீட்டு.”

தோரா நீட்டினாள். இந்த மேசையில் ஒருநாளும் தட்டை வழித்துச் சாப்பிடாத பிள்ளை, அன்று இரண்டாவது முறை சாலட் வாங்கிக்கொண்டாள். வாய் நிறையச் சாப்பாடும் பேச்சும். பள்ளிக்கூடத்தில் யார் யார் பாம்பைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணினாள். அவள் கன்னம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பளபளத்தது. இவெத்தாவுக்கு அவளிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்போதுதான் சத்தம் மாறியது. கேரட்டைச் சுரண்டுகிற மாதிரி, மெல்லிசாக, விடாமல், ஒரே சீராக. வாழ்நாளெல்லாம் சமையற்கட்டில் கழித்தவள் இவெத்தா. எது கடிபடுகிற சத்தம், எது விழுங்குகிறபோது வராத சத்தம் என்று அவளுக்குத் தெரியும். பாம்பு மெல்லாது.

லூமிரும் தலையைச் சாய்த்துக் கேட்டான். “நான் போய் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.”

“அப்பா! எழுந்திரிச்சா செத்துப் போயிடுவே!” என்றாள் தோரா, பாதி விளையாட்டாக, பாதி நிஜமாக.

“எங்க வீட்டுல வீட்டம்மா மட்டும் எழலாம்னு சொல்வாங்க. இவெத்தா, நீ வேணா போய்ப் பாரேன்.”

“எங்க வீட்டுல யாரும் எழக் கூடாது” என்றாள் இவெத்தா. அவள் கை லூமிரின் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. “உக்காரு. அதுபாட்டுக்குச் சாப்பிடட்டும்.”

“ஆமாம்ப்பா, தொந்தரவு பண்ணாதே” என்றாள் தோரா. “அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிய எலியா வாங்கணும். அதுக்குள்ள அது வளர்ந்திருக்கும். அடுத்த வருஷம் நானே இடுக்கியில புடிச்சுக் குடுக்கறேன். சரியா?”

அடுத்த வருஷம் என்று இரண்டு முறை சொன்னாள்.

“சரி” என்றாள் இவெத்தா. உள்ளே சுரண்டல் நிற்கவில்லை. அவள் கெண்டையில் முள் பொறுக்கித் தோராவின் தட்டில் வைத்தாள். இன்னும் ஒரு துண்டு. இன்னும் ஒரு துண்டு. பிறகு வனிலாப் பிறை பிஸ்கட்டுகள் இருந்த தட்டை நகர்த்தினாள். எலியை விட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மூன்று பேரும் ஒன்றாக எழுந்தார்கள். அப்படி எழுந்தால் யாருக்கும் கேடில்லை. தோரா முதலில் ஓடினாள்.

க்னெத்லிக் ஓடவுமில்லை, கடிக்கவுமில்லை. பயந்தால் எப்படியோ அப்படியே, தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டு கிடந்தது. எலி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பாம்பின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

தோரா கத்தவில்லை. கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். லூமிர் எலியைப் பிடித்து வாளியில் போட்டு வெளியே கொண்டுபோனான். என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் ஒரு கால்நடை மருத்துவர்கூடப் போனை எடுக்கவில்லை. ஹனாக் எடுத்தார். அவர் பின்னால் தட்டுச் சத்தமும் பேரப்பிள்ளைகள் சிரிப்பும் கேட்டன. லூமிர் இவெத்தாவிடமிருந்து போனை வாங்கிக் கட்டில்மேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவிட்டான்.

“எவ்வளவு நேரம் விட்டீங்க?”

“முக்கால் மணி” என்றாள் இவெத்தா.

“எலி ஏதாவது தின்னிருந்துச்சா?”

“இல்ல. காலையிலேருந்து பட்டினி. விளையாட்டா...”

“பதினஞ்சு நிமிஷம்னு உங்ககிட்ட சொன்னேனே அம்மணி” என்றார் ஹனாக். திட்டியிருந்தாலாவது தேவலை. “உப்புத் தண்ணியில கழுவுங்க. சூடா வைங்க. எலும்பு தெரியுதுன்னா... பாப்பா பக்கத்துல இருக்கா? இருந்தா அந்தப் பக்கம் அனுப்புங்க.”

பாப்பா பக்கத்தில்தான் இருந்தாள். கண்ணாடியிலிருந்து கையை எடுத்து, திரும்பி, இவெத்தாவைப் பார்த்தாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

கட்டிய பரிசுப் பொட்டலங்கள் கிறிஸ்துமஸ் மரத்தடியில் அப்படியே கிடந்தன. பரிசு வந்துவிட்டது என்று மணியடிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

விடிவதற்குள் க்னெத்லிக் செத்துப்போயிருந்தது. சுருள் தளர்ந்து, முதல்முறையாக நீளமாகக் கிடந்தது. லூமிர் அதை ஒரு பழைய துண்டில் சுற்றி ஷூ டப்பாவில் வைத்தான். நிலம் உறைந்திருக்கிறது, இளகினபிறகு புதைக்கலாம் என்று பால்கனியில் கொண்டுபோய் வைத்தான்.

ரெனாதா வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தோரா கட்டிலில் உட்கார்ந்து பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இவெத்தா வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“கண்ணு. ஹனாக் சொன்னதை நான் மறக்கல. சத்தம் மாறினதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. எழுந்திரிச்சா சாவுன்னு பயம் ஒரு பக்கம். ஆனா அதுக்காக மட்டும் உக்காரல. நீ சிரிச்சுக்கிட்டிருந்தே. அடுத்த வருஷம்னு சொன்னே. நான் எழுந்தா அது முடிஞ்சு போயிடுமேன்னு... இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு உக்காந்துட்டேன். உன்மேல தப்பு இல்ல. எலியைப் பட்டினி போடச் சொன்னது நீதான்னு நினைச்சுக்கிட்டு இருக்காதே. பெரியவ நான்தான். நான் எழுந்திருக்கணும்.”

தோரா ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. கீழே ஹாரன் அடித்தது.

அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். அப்பா கோட்டைப் பிடித்தான், கையை நுழைத்தாள். ஷூவை மாட்டிக் குனிந்து நாடாவைக் கட்டினாள். இடது காலில் முடிச்சு விழாமல் இரண்டு முறை அவிழ்த்து, மூன்றாவது முறை கட்டினாள். இவெத்தா சுவரோடு ஒட்டி வழி விட்டாள். தோரா அவளைத் தாண்டி, லிஃப்டுக்குக் காத்திருக்காமல், படியில் இறங்கிப் போனாள்.